பொதுத் தேர்வு இல்லாத ஊரில் பிளஸ் டூ

கேள்வி: கோவையிலிருந்து ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்குக் குடிவந்திருக்கிறோம். மகள் 10ஆம் வகுப்பு முடித்து, இந்தப் பிப்ரவரியில் 11, 12 மட்டும் உள்ள ஓர் அரசு ‘காலேஜில்’ சேர்ந்திருக்கிறாள். சீருடை இல்லை. ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நடுப்பகலில் வகுப்பு இல்லையென்று கடைத்தெருவில் உட்கார்ந்திருக்கிறாள். பொதுத் தேர்வும் கிடையாதாம். வாரந்தோறும் நீளமாக ஒரு செய்திமடல் வருகிறது. அதில் ஆட்டம் பாட்டம்தான் அதிகம். இதை நம்பி எப்படி நிம்மதியாக இருப்பது? ஆவணியில் என் தம்பிக்குத் திருமணம் பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்று வாரம் அவளை ஊருக்கு அழைத்துப் போகலாமா?

பதில்:

நிம்மதியாக இருக்கலாம். ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தில் ‘பரீட்சை நெருங்கும்போது கவனித்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். இங்கே பரீட்சை நெருங்குவதே இல்லை, பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. நீங்கள் அடுக்கியிருக்கும் சீருடை, பெயர், ஓய்வு நேரம், செய்திமடல் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

1976க்கு முன் கான்பெரா மாணவர்கள் பக்கத்து நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் எச்எஸ்சி என்ற 12ஆம் வகுப்புப் பொதுத் தேர்வைத்தான் எழுதினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் காம்ப்பெல் என்பவர் தலைமையில் அமைந்த குழு, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளைச் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே மணியடிக்கு ஓட வைக்க வேண்டியதில்லை, அவர்களுக்குத் தனிக் கல்லூரி வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்படி 1976இல் இந்தக் கல்லூரிகள் தொடங்கின. எச்எஸ்சியும் கைவிடப்பட்டது. இரண்டாண்டுக் கல்லூரிகள் டாஸ்மேனியாவிலும் உண்டு, விக்டோரியாவின் பெண்டிகோ போன்ற ஊர்களிலும் உண்டு. ஆனால் அங்கெல்லாம் வெளித் தேர்வு இருக்கிறது. குயின்ஸ்லாந்து பல பத்தாண்டுகள் வெளித் தேர்வே இல்லாமல் இருந்துவிட்டு, 2020இல் 12 முடித்த அணியிலிருந்து அதைத் திரும்பக் கொண்டுவந்தது. பாடத்துக்குப் பாடம் பொதுத் தேர்வு என்பதே இல்லாமல் இன்றுவரை நிற்பது கான்பெரா மட்டும்தான்.

அப்படியானால் மதிப்பெண் எங்கிருந்து வருகிறது? வகுப்பாசிரியரிடமிருந்து. ஒவ்வொரு பாடமும் செமஸ்டருக்கு ஒரு யூனிட், குறைந்தது 55 மணி நேர வகுப்பு. யூனிட் தொடங்கும்போதே பிள்ளைகள் கையில் மதிப்பீட்டு அட்டவணை ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். எத்தனை பணிகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம், எந்த வாரம் ஒப்படைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஐந்து பாடம் என்றால் ஐந்து தாள். இந்த ஐந்தையும் மகளிடம் கேட்டு வாங்கி, தேதிகளை ஒரே காலண்டரில் குறித்து அடுப்படியில் மாட்டுங்கள். ஐந்து ஆசிரியர்களும் ஒருவரோடொருவர் கலந்து பேசித் தேதி வைப்பதில்லை. அதனால் வேதியியல் ஆய்வறிக்கை, ஆங்கிலக் கட்டுரை, கணக்குத் தேர்வு மூன்றும் ஒரே வாரத்தில் வந்து விழும். அந்த வாரம் எது என்பது தனித்தனித் தாளில் தெரியாது, காலண்டரில்தான் தெரியும்.

தாமதத்துக்கு இங்கே இரக்கம் குறைவு. நாளொன்றுக்கு அந்தப் பணியின் மொத்த மதிப்பெண்ணில் 5 சதவீதம் போய்விடும், சனி ஞாயிறும் கணக்கில் சேரும். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டியதைத் திங்களன்று கொடுத்தால் 15 சதவீதம் போனது போனதுதான். ஏழு நாளுக்கு மேல் தாமதமானால் ‘நோஷனல் ஜீரோ’ என்று ஒன்று போடுவார்கள். அது உண்மையான பூஜ்யம் அல்ல. அந்தப் பணியில் வகுப்பிலேயே கடைசியாக வந்தவரின் மதிப்பெண்ணுக்குச் சற்றுக் கீழே வைக்கப்படும் ஓர் எண். அது போதாதென்று, யூனிட்டின் மொத்த மதிப்பீட்டில் 70 சதவீதத்தையாவது ஒப்படைக்காவிட்டால் யூனிட்டே செல்லாமல் போகும். ‘வாய்டு’ ஆகிவிட்டது என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். காய்ச்சல், குடும்பத்தில் சாவு, இப்படி ஏதாவது வந்தால் தேதிக்கு முன்பே அவகாசம் கேட்க வேண்டும், சான்றும் வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் ‘மிஸ் என்ன நினைப்பாங்களோ’ என்று கூச்சப்பட்டுக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். கேட்பது இங்கே மரியாதைக் குறைவு இல்லை. கேட்காமல் இருந்துவிட்டுத் தேதி போன பிறகு போய் நிற்பதுதான் சங்கடம்.

ஆசிரியரே மதிப்பெண் போட்டால் வேண்டியவர், வேண்டாதவர் என்று வராதா? ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒரு நாள் ‘மாடரேஷன் டே, மாணவர்களுக்கு வகுப்பு இல்லை’ என்று செய்திமடலில் ஒற்றை வரியாக வரும். உங்கள் மகள் அன்று பத்து மணி வரை தூங்குவாள். கான்பெராவிலுள்ள எல்லாக் கல்லூரிகளின் 11, 12 ஆசிரியர்களும் அன்று ஒன்றுகூடி, வேறு கல்லூரி மாணவர்களின் விடைத்தொகுப்புகளைப் படிப்பார்கள். இந்தப் பணிக்கு ஏ தகுமா, பி தகுமா, கேள்வியே சரியாகக் கேட்கப்பட்டதா என்று பாடவாரியாக எழுதிக் கொடுப்பார்கள். ஓர் ஆசிரியர் தாராளமாக அள்ளிப் போட்டால், இறுக்கிப் பிடித்தால், அங்கே தெரிந்துவிடும். அதற்கு மேல் மதிப்பெண் வேறு கணக்கில் சீராக்கப்படுகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். செமஸ்டர் முடிவில் மதிப்பெண் இறுதியாகும் முன் மாணவருக்குக் காட்டுவார்கள். குறை இருந்தால் ஆசிரியர், துறைத் தலைவர், முதல்வர், அதற்கும் மேல் கான்பெராவின் மேல்நிலைக் கல்வி வாரியம் என்று படிப்படியாக முறையிடலாம். ஆனால் அதற்குக் கெடு சில நாட்கள்தான். அந்தக் கெடுத் தேதியும் செய்திமடலில்தான் வரும்.

வருகைப் பதிவுக்கு வருகிறேன், திருமணமும் அங்கேதான் இருக்கிறது. ஒரு யூனிட்டில் 90 சதவீத வகுப்புக்குப் போக வேண்டும். போதிய காரணமின்றி அதற்குக் கீழே போனால் அதுவும் ‘வாய்டு’. இரண்டு டெர்ம் சேர்ந்தது ஒரு செமஸ்டர், ஏறத்தாழ இருபது வாரம். அதில் மூன்று வாரம் போனால் 15 சதவீதம் போய்விடுகிறது. தாய்மாமன் கல்யாணம் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டால் கல்லூரி பெரும்பாலும் இணங்கிப் பேசும், யாரும் கதவைச் சாத்திவிட மாட்டார்கள். ஆனால் வருகையை மன்னித்தாலும், அந்த மூன்று வாரத்தில் விழும் மதிப்பீடுகளை யாரும் மன்னிக்க முடியாது. முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அல்லது திரும்பியதும் தனியாக உட்கார வேண்டும். ஆய்வுக்கூட வேலை, குழுவாகச் செய்யும் நாடகம் போன்றவற்றுக்கு அந்த வழியும் இல்லை.

நாள் இன்னும் குறிக்கவில்லை என்றால் பஞ்சாங்கத்தையும் கல்லூரி நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூலை முதல் பாதியில் இங்கே விடுமுறை, அங்கே ஆனியின் கடைசி முகூர்த்தங்கள். ஆடி பிறந்துவிட்டால் கதை முடிந்தது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் வரும் விடுமுறை புரட்டாசியில் விழுகிறது, அதனால் நமக்குப் பயனில்லை. டிசம்பர் விடுமுறை நீளமானதுதான், ஆனால் பாதி மார்கழி. தை பிறந்து, இங்கே வகுப்பு தொடங்குவதற்கு இடையில் இரண்டு வாரம் போலக் கிடைக்கும். எனவே ஆனி, இல்லையேல் தை முதல் பாதி. சம்பந்தி வீட்டார் ஆவணியில்தான் என்று பிடிவாதமாக இருந்தால், மூன்று வாரத்தை ஒரு வாரமாகச் சுருக்குங்கள். இந்த ஆண்டு அவள் 11இல் இருக்கிறாள், சமாளிக்கலாம். இதே கல்யாணம் அடுத்த ஆண்டு ஆவணி என்றால் என் பதில் ‘கூடாது’ என்பதுதான். 12ஆம் வகுப்பின் ஏஎஸ்டி தேர்வு செப்டம்பர் முதல் வாரத்தில் வருகிறது.

பொதுத் தேர்வு இல்லை என்று சொல்லிவிட்டு இது என்ன தேர்வு என்பீர்கள். ஏஎஸ்டி பாடத் தேர்வல்ல. பல்கலைக்கழகம் போக நினைக்கும் 12ஆம் வகுப்பு மாணவர்கள் எல்லோரும் எழுத வேண்டிய பொதுத்திறன் தேர்வு. சரியான விடையைத் தெரிவு செய்யும் தாள் ஒன்று, குறுவிடைத் தாள் ஒன்று, வாதக் கட்டுரை ஒன்று என மூன்று பகுதி. வரைபடத்தைப் படிப்பது, கேலிச்சித்திரத்தின் உட்பொருளைப் பிடிப்பது, ஒரு கவிதையிலிருந்து பொருள் எடுப்பது என்று கேள்விகள் போகும். மனப்பாடம் உதவாது. அதைவிட விசித்திரம், இதில் உங்கள் மகள் வாங்கும் மதிப்பெண் அவளுடைய பல்கலைக்கழகச் சேர்க்கைத் தரவரிசையில் நேரடியாகச் சேராது. அவளுடைய கல்லூரியில் அந்தப் பாடம் படிக்கும் குழு மொத்தமாக எப்படி எழுதியிருக்கிறது என்பதை வைத்து, அந்தக் குழுவின் பாட மதிப்பெண்களை மற்றக் கல்லூரிகளோடு ஒப்பிட்டு ஏற்றி இறக்கச் சீராக்குவார்கள். குழுவுக்குள் யார் முதல், யார் பத்தாவது என்பதை ஆசிரியரின் மதிப்பீடு சொல்கிறது. குழு மொத்தமாக எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கு ஏஎஸ்டி வேண்டியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. பக்கத்து இருக்கைப் பிள்ளை நன்றாக எழுதினால் அது உங்கள் மகளுக்கும் நல்லது. குறிப்பேட்டை மறைத்து வைக்கும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே நஷ்டக் கணக்கு. கல்லூரி நூலகத்தில் நான்கைந்து பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவர் கட்டுரையை ஒருவர் திருத்துவதை நீங்கள் பார்க்கலாம். அரட்டை என்று நினைத்து அதட்டிவிடாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிட்னியிலிருந்து எச்எஸ்சி பழைய வினாத்தாள் கட்டுகளை வாங்கி வந்து பிள்ளையைப் போட்டு வாட்டும் பெற்றோர் நம்மவரில் நிறைய. எச்எஸ்சி வேறு மாநிலத்துத் தேர்வு. கணக்குப் பயிற்சிக்கு உதவலாம், அவ்வளவுதான். அந்தப் பணத்துக்கு மகளை ஒரு நல்ல நாளிதழைத் தினமும் படிக்க வையுங்கள், ஏஎஸ்டிக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பாடங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் நம்மவர் செய்யும் ஒரு வேலை உண்டு. ஸ்பெஷலிஸ்ட் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், போதாததற்குத் தகவல் தொழில்நுட்பம் என்று மூச்சுமுட்ட அடுக்கிவிடுவார்கள். கணக்கைப் பாருங்கள். பல்கலைக்கழகத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வது சிறந்த மூன்று மேஜர் பாடங்கள், அடுத்து வரும் ஒன்றில் 0.6 பங்கு. மேஜர் என்றால் குறைந்தது 3.5 யூனிட், அதாவது நடைமுறையில் நான்கு செமஸ்டரும் படித்தது. மைனர் என்றால் 2 யூனிட். தரவரிசை பெற மொத்தம் 20 யூனிட் வேண்டும், அவற்றில் குறைந்தது 12.5 பல்கலைக்கழகத் தகுதிக்குரிய டி வகையாக இருக்க வேண்டும். மேல்நிலைச் சான்றிதழ் மட்டும் போதும் என்றால் 17 யூனிட். ஐந்தாவது பாடம் யூனிட் எண்ணிக்கைக்கு வேண்டும், ஆனால் தரவரிசைக் கூட்டலில் அதற்கு இடமில்லை. எனவே அந்த இடத்தில் அவள் விரும்பும் நாடகமோ, புகைப்படக் கலையோ, மட்பாண்டமோ இருந்துவிட்டுப் போகட்டும். ஐந்து பாடத்துக்கும் விழுந்து விழுந்து படிக்கும் பிள்ளைக்கு எந்த மூன்று நன்றாக வரும் என்று கண்டுபிடிக்கவே நேரம் கிடைப்பதில்லை. உண்மையிலேயே கணக்கில் பசியுள்ள பிள்ளை என்றால் எச் வகைப் பாடம் இருக்கிறது. மாலையில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக வளாகத்துக்கே போய்ப் படிக்கலாம், அது தரவரிசையிலும் சேரும்.

நடுப்பகலில் வகுப்பில்லாத நேரம், இங்கே ‘ஃப்ரீ லைன்’ என்பது, அதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். கால அட்டவணை லைன்களாகப் பிரிந்திருக்கும். உங்கள் மகளின் பாடம் எதுவும் இல்லாத லைன் அவளுக்கு ஓய்வு. அந்த நேரத்தில் வளாகத்தை விட்டு வெளியே போக அனுமதி உண்டு. அவள் வகுப்புக்கு மட்டம் போடவில்லை, கடைத்தெருவில் காபி குடிக்கிறாள். நூலகம், காபி இரண்டில் எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பது இந்த வயதில் கற்க வேண்டிய பாடம்தான். முதல் செமஸ்டரில் பெரும்பாலான பிள்ளைகள் காபி பக்கமே சாய்வார்கள். முதல் மதிப்பெண் அறிக்கை வந்த பிறகு நூலகத்தில் இடம் பிடிப்பது கொஞ்சம் கடினமாகிவிடும். செல்போனும் அப்படியே. 2024 முதல் கான்பெரா அரசுப் பள்ளிகளில் 10ஆம் வகுப்பு வரை பள்ளி நேரம் முழுவதும் தடை. கல்லூரியில் வகுப்பறைக்குள் மட்டும் கூடாது.

ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதை நம்மால் செரிக்க முடிவதில்லை. ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டிகள் இதைக் கேட்டு முகம் சுளித்ததைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கவனிக்க வேண்டியது பெயரை அல்ல. அந்த ஆசிரியரிடம் ‘எனக்கு இது புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்’ என்று உங்கள் மகளால் கேட்க முடிகிறதா என்பதைத்தான். கேட்க முடிகிறது என்றால் முறை வேலை செய்கிறது.

இனி அந்தச் செய்திமடல். அதை மேலிருந்து கீழே படிக்காதீர்கள், சலித்துவிடும். முதல்வரின் உரை, இசை இரவுப் படங்கள், கூடைப்பந்து அணிக்கு வாழ்த்து இவற்றைத் தாண்டி நடுவில் ஒரு தேதிப் பட்டியல் இருக்கும். முதலில் அங்கே போங்கள். ஒரு மே மாத மடலை எடுத்துக்கொண்டால் இப்படித்தான் இருக்கும்: செமஸ்டர் முடிவுத் தேர்வு வாரம், இரண்டாம் செமஸ்டருக்குப் பாடம் மாற்றக் கடைசி நாள், 12ஆம் வகுப்புக்கு ஏஎஸ்டி முன்னோட்டம், பூர்வகுடி மக்களோடான நல்லிணக்க வாரச் சடங்கு, முதுகில் எல்லோர் பெயரும் அச்சிட்ட 12ஆம் வகுப்பு ‘ஜம்பர்’ என்ற குளிர்ச்சட்டைக்குப் பணம் கட்டும் தேதி, நாடக நுழைவுச் சீட்டு. இவை எல்லாம் ஒரே எழுத்தளவில், ஒரே தொனியில் எழுதப்பட்டிருக்கும். ஜம்பரைத் தவறவிட்டால் பிள்ளை ஒரு வாரம் முகம் தூக்கி வைத்திருப்பாள். பாடம் மாற்றும் நாளைத் தவறவிட்டால் பிடிக்காத பாடத்தோடு ஆறு மாதம். இரண்டுக்கும் ஒரே அளவு இடம் கொடுத்திருக்கும் அந்த மடலாசிரியர்மேல் எனக்குக் கோபம் வருவதுண்டு. ஆனால் படிப்பவர் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

‘ஆட்டம் பாட்டம்’ என்று நீங்கள் ஒதுக்கும் பகுதிக்கும் கணக்கில் இடம் இருக்கிறது. கல்லூரி நாடகம், விளையாட்டு, தொண்டு வேலை, மாணவர் மன்றம் இவற்றுக்கெல்லாம் ‘ஆர்’ வகை யூனிட் உண்டு. கொஞ்சம்தான், ஆனால் அந்த 20இல் சேரும். தேசியப் பல்கலைக்கழகம் 2020 சேர்க்கையிலிருந்து தரவரிசையோடு இப்படிப்பட்ட வெளிச்செயல்பாட்டையும் பார்க்கத் தொடங்கியது. தொழிற்பயிற்சியும் அப்படியே: பள்ளியில் படித்துக்கொண்டே வாரத்தில் ஒரு நாள் கூலி வாங்கிக்கொண்டு மின்வேலையோ, குழந்தைப் பராமரிப்போ பழகும் பிள்ளைகளின் செய்தியும் மடலில் வரும். நம்மவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மின்பணியாளர் இங்கே என்ன சம்பாதிக்கிறார் என்று வீட்டில் ஒரு விளக்கு மாட்டக் கூப்பிட்டுப் பார்த்தவருக்குத் தெரியும்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு முகம் உண்டு. அதையும் மடல்தான் காட்டும். கங்காலின் கல்லூரி 2011இல் திறந்தபோது ஊர்ப் பொது நூலகத்தையும் அதே கட்டடத்தில் வைத்தார்கள். கதை கேட்க வந்த குழந்தைகளும் கணக்குப் போடும் மாணவர்களும் ஒரே வாசலில் நுழைகிறார்கள். நாரபுண்டாவில் ஐபி என்ற பன்னாட்டுப் பாடத்திட்டமும் பிரெஞ்சும் பெயர்பெற்றவை. எரிண்டேலில் விளையாட்டு. ஏரிக்கரையில் உள்ள லேக் ஜின்னிண்டெரா, பக்கத்திலுள்ள ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகத்தின் பயிற்சி வீரர்கள் பலர் படித்த இடம். அமெரிக்காவின் என்பிஏ போட்டி வரை போன கூடைப்பந்து வீரர் பாட்டி மில்ஸ் அங்கே படித்தவர். டிக்சனில் புதிதாக நாட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு ஆங்கில அறிமுக மையம் இருக்கிறது. அகதிகளாக வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அந்த வழியாகத்தான் 12ஐ எட்டுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை நிற்க வைத்தது ‘கான்பெரா காலேஜ்’ நடத்தும் ‘சிசிகேர்ஸ்’. கர்ப்பமாக உள்ள, குழந்தை பெற்ற இளம் பெண்களும், இளம் தந்தையரும் கைக்குழந்தையோடு வந்து 12ஆம் வகுப்பை முடிக்க உதவும் திட்டம் அது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. அந்தப் பெண்களின் பட்டமளிப்புப் படம் செய்திமடலில் மற்ற எல்லாப் படங்களையும் போலவே, ஒரு வார்த்தை கூடுதலாக இல்லாமல் வெளியாகும். நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசத் தயங்குவார்கள். பேசலாம் என்பது என் எண்ணம். பள்ளி யாரையும் விட்டுவிடாது என்று மகளுக்குத் தெரிந்திருப்பது நல்லதுதான். மனச்சோர்வு, வீட்டுச் சிக்கல், தூக்கமின்மை இவற்றுக்குக் கல்லூரியில் உளவியலாளரும் இளைஞர் நலப் பணியாளரும் இருக்கிறார்கள். அவள் உங்களைக் கேட்காமலே அவர்களிடம் போகலாம். போனாள் என்று தெரிந்தால் ‘எங்களிடம் சொல்ல முடியாததை அங்கே போய் என்ன சொன்னாய்’ என்று குடையாதீர்கள்.

கார் விவகாரம் கொஞ்ச நாளில் உங்கள் வீட்டுக்கு வரும். இங்கே 15 வயது 9 மாதத்தில் எல் என்ற பழகுநர் உரிமம், 17இல் தனியாக ஓட்டச் சிவப்பு பி உரிமம். கல்லூரி வாகன நிறுத்துமிடம் முழுக்கப் பழைய கார்கள் நிற்பது அதனால்தான். இளம் பழகுநர் 100 மணி நேரம் ஓட்டிப் பதிவேட்டில் எழுத வேண்டும். பக்கத்து இருக்கையில் உட்காரப்போவது பெரும்பாலும் நீங்கள்தான். அந்த நூறு மணி நேரத்தில் பிள்ளை பேசுவதுபோல வீட்டில் எந்த மேசையிலும் பேசமாட்டாள், ஏனென்றால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. திட்டுவதை மட்டும் ரவுண்டானா தாண்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பர் நடுவில் தரவரிசை எண் வரும். ‘ஏட்டார்’ என்பார்கள். அன்று கோவையிலிருந்து போன் வரும், ‘600க்கு எத்தனை?’ என்று. ஏட்டார் மதிப்பெண் அல்ல, இடம். 80 என்றால் நூற்றுக்கு எண்பது வாங்கினாள் என்று பொருளல்ல, தன் வயதொத்தவர்களில் 80 சதவீதத்தினருக்கு மேலே நிற்கிறாள் என்று பொருள். உச்சம் 99.95, நூறு கிடையாது. 78 வந்த பிள்ளையை ‘எழுபத்தெட்டுதானா’ என்று கேட்ட சித்தப்பாக்கள் உண்டு. அந்த எண்ணுக்கு இங்கே பல நல்ல படிப்புகளின் கதவு திறந்திருக்கிறது என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது? டிசம்பருக்கு முன்பே குடும்பத்துக்கு விளக்கிவிடுங்கள்.

நீங்கள் இப்போது உடனே செய்ய வேண்டியது ஒன்று. முதல் டெர்ம் முடிவதற்குள் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு அறிவிப்பு வரும். நேரத்தை நாமே பதிவு செய்ய வேண்டும், நல்ல நேரங்கள் உடனே தீர்ந்துவிடும். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் இல்லாமல் நீங்கள் மட்டும் போனால் ஆசிரியர்கள் சற்று விழிப்பார்கள், ஏனென்றால் அவர்கள் பேசப்போவது அவளோடுதான். ஒதுக்கும் நேரம் சில நிமிடங்களே. ‘எப்படிப் படிக்கிறாள்’ என்று கேட்டால் ‘நன்றாக’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, கடைசியாக ஒப்படைத்த பணியைக் கையோடு எடுத்துப் போய், ‘இது பி, ஏ ஆக இதில் எந்தப் பத்தியை மாற்றியிருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். நீங்கள் கேட்பதைவிட அவள் கேட்டால் இன்னும் நல்லது. ஆனி முகூர்த்தம் கிடைக்காவிட்டால், ஆவணி விடுப்புப் பேச்சையும் அன்றைக்கே தொடங்கிவிடலாம். எந்த வாரங்களில் என்ன மதிப்பீடு வரும் என்று ஒவ்வொரு ஆசிரியரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, அதன் பிறகு விமான டிக்கெட் பாருங்கள்.